ஏழால் வகுத்து மீதி இரண்டு

ஒரு லட்சத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது ரூபாய். எங்கள் மரவெட்டுச் செட்டு, ரெங்கசாமி முதலாளிக்குத் தர வேண்டிய பாக்கி அது. வியாழக்கிழமை காலையில், விராலிமலை ரோட்டில் இருக்கும் அவருடைய மரக் கொட்டகையில் வைத்துக் கணக்கப்பிள்ளை விஸ்வநாதன் அதை வாசித்தார். எங்களுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறையும் வாசித்தார்.

நாங்கள் தைலமரம் வெட்டுகிற ஆட்கள். மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, பட்டை உரித்து, துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிடுவது வரைக்கும் எங்கள் வேலை. செட்டில் ஏழு பேர். சுகுணாவும் அவள் புருசன் அய்யப்பனும், அதுபோல இன்னும் இரண்டு சோடி, அப்புறம் தனியாளாக நான், காத்தாயி. என் வீட்டுக்காரர் ராக்கன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

"போன ஆடிக்கு அறுவத்தஞ்சாயிரம்னீங்க," என்றான் அய்யப்பன். "ஒரு வருசம் பூராவும் வெட்டிருக்கோம். எறங்காம எப்புடிங்க ஏறிச்சு?"

"அரிசி வாங்கலையா நீங்க? மழைக்கு ரெண்டு மாசம் லாரி காட்டுக்குள்ள எறங்கலையே, அப்ப மண்ணையா தின்னீங்க?" முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் ஒண்ணும் கத்தல. திங்கக்கெழம காலையில ஆந்திராவுக்கு லாரி கெளம்புது. அங்கிட்டு ஒரு வருசம் வெட்டுனா அடைஞ்சுபோகும். இல்லையா, அதுக்குள்ள காசை வச்சுட்டு எங்கிட்டு வேணும்னாலும் போங்க."

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். என் மகள் அன்புமொழிக்கு ஒன்பதாவது மாதம். அறந்தாங்கியில் இருக்கிறாள், மருமகன் துபாயில். மாமியார் இல்லாத வீடு. ஆடிக் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் ஆந்திராவில் மரம் உரித்துக்கொண்டிருக்க, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்?

அதற்கு மேல் ஒன்று. கணக்கு என் பேரில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்னவாசலில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். நாற்பத்தாறு வயதில் 'அ' போட்டேன். செட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தது நான் ஒருத்திதான் என்று முதலாளியே கணக்கை என் பேருக்கு மாற்றினார். அதுவரை அய்யப்பன் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தான். எழுத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்த முதல் சொத்து அந்தக் கடன்தான்.

காட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு பேருக்கு ஒரு லட்சத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்றால் ஆளுக்கு எவ்வளவு? யாரிடம் கேட்டு, எதை அடகு வைத்து, என் பங்கையாவது கட்டிவிட்டு நான் மட்டும் கழன்றுகொள்ள முடியுமா என்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கும் காட்டில் வேலை இருந்தது. பட்டை உரித்த தைலமரம் வெள்ளையாக, ஈரமாக, சிலேட்டு மாதிரி வழுவழு என்று இருக்கும். செம்மண் கட்டி ஒன்றை எடுத்து அதன் மேல் வகுத்தேன். ஏழால் வகுத்தால் பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. மீதி இரண்டு.

மீதி வரக் கூடாது.

அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மீதி இரண்டு. அடுத்த மரத்தை உரித்து அதில் போட்டேன். இரண்டு. நான் படித்தது அரைகுறைதான், தப்பு என்னுடையது என்றே நினைத்தேன். கை வேலை செய்தது, மனசு எண்ணை விடவில்லை. அன்றைக்கு நான் உரித்த மரமெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கணக்கோடு லாரி ஏறியது.

ஏன் மீதி வரக் கூடாது என்று சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் எது வாங்கினாலும் ஏழு பங்கு. முன்பணம் ஆளுக்கு எட்டாயிரம் என்றால் ஏழு எட்டாயிரம். அரிசி ஆளுக்கு ஒரு சிப்பம். கையுறை ஆளுக்கு ஒரு சோடி, அறுபத்தேழு ரூபாய். வட்டி கூட மாதம் ஆளுக்கு அறுபது. தனியாக ஒருத்தர் முதலாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது. ஒருமுறை அய்யப்பன் அவசரத்துக்கு ஒரு பீடிக்கட்டு வாங்கிவிட்டான். சண்டை போட்டு ஏழு பேர் பேரிலும் ஆளுக்கு ஒரு கட்டு எழுத வைத்தோம். என் பங்குக் கட்டை நான் அவனுக்கே விற்றேன். கூலியும் அப்படித்தான். டன்னுக்கு அறுநூற்று முப்பது, ஆளுக்குத் தொண்ணூறு. லாரி எடைமேடையில் ஏறி இறங்கிய பிறகு, முழு டன்னுக்கு மட்டும் கூலி, மேலே நிற்கிற கிலோ முதலாளிக்கு. ஆக ஏறினாலும் ஏழு பங்கு, இறங்கினாலும் ஏழு பங்கு. அப்படி இருக்க, இந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்தது?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அன்னவாசல் வகுப்புக்குப் போனேன். எங்களுக்குச் சொல்லித் தருகிறவர் ஜெபக்குமார் சார். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் வருவதற்குள் நோட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"வகுத்தது சரியா பாருங்க சார்."

பார்த்தார். "சரிதான் அக்கா. மீதி ரெண்டு."

"நல்லாப் பாருங்க."

"நான் பத்து வருசமா கணக்கு வாத்தியாரு அக்கா. இதைக் கூடவா தப்பாப் பாப்பேன்?" சிரித்தவர் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். "வேற எதால வகுத்தீங்க?"

எல்லாவற்றாலும் வகுத்திருந்தேன். சோடி மூன்று என்பதால் மூன்றால். பெண்கள் நாலு பேர் என்பதால் நாலால். மாதத்துக்கு என்று பன்னிரண்டால். எங்குமே முழுசாக வரவில்லை. பன்னிரண்டில் போட்டபோது மீதி ஐந்து நின்றது. அவர் விரல் நோட்டின் மேல் ஓடியது. ஒற்றைப்படை, அதனால் இரண்டு போகாது. கடைசியில் ஒன்பது, அதனால் ஐந்து போகாது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்து மூன்று, அதனால் மூன்றும் ஒன்பதும் போகாது. பதினொன்று, பதிமூன்று, பதினேழு என்று போட்டுக்கொண்டே போனார். அப்புறம் போனை எடுத்தார். எடுத்தவர் பெஞ்சை விட்டே எழுந்துவிட்டார்.

"அக்கா! இது பகா எண்!"

"அப்படின்னா?"

"ஒண்ணால வகுபடும், தன்னால வகுபடும். வேற எந்த எண்ணாலயும் வகுபடாது. முன்னூத்தி இருபத்து மூணு வரைக்கும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க, ஒண்ணும் போகாது. அதுக்கு மேல போட்டுப் பாக்கவே வேணாம். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு பகா எண்ணை வரிசையா எண்ணிக்கிட்டே வந்தா, இது சரியா பத்தாயிரமாவது! கரெக்டா பத்தாயிரம்!"

"பத்தாயிரமாவதா இருந்தா பத்தாயிரத்தைக் கழிப்பாங்களா சார்?"

அவர் காதில் அது விழவில்லை. "நீங்க மரம் நடுற மாதிரி யோசிங்க. இத்தனை கன்னு இருக்கு. வரிசைக்கு இத்தனைன்னு நீள்சதுரமா நடணும். நட முடியாது அக்கா. எப்புடி நட்டாலும் கடைசி வரிசை குறையும். ஒத்தை வரிசையாத்தான் நட்டுக்கிட்டே போகணும்."

ஒரு லட்சத்துச் சொச்சம் கன்று ஒற்றை வரிசையாக. அன்னவாசலில் நட ஆரம்பித்தால் அறந்தாங்கி தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடும். எனக்கு அதை நினைக்கவே கால் வலித்தது.

"ஆனா ரெண்டு சதுரக் காடா நடலாம்," என்று விடாமல் சொன்னார். போனில் எதையோ தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு காட்டுல முன்னூத்தி இருபத்து மூணு வரிசை, வரிசைக்கு முன்னூத்தி இருபத்து மூணு மரம். இன்னொண்ணு இருபதுக்கு இருபது. ரெண்டையும் கூட்டுங்க, அச்சா அதே எண்ணு. ஒரு மரம் கூடாது, குறையாது. வேற எந்த அளவுலயும் ரெண்டு சதுரமா அமையவே அமையாது. எவ்வளவு அழகு! இன்னொரு வகையில பாத்தா இதைக் குறை எண்ணுனும் சொல்லலாம்…"

"குறையா? கூடிப்போச்சுன்னுதானே சார் நான் வந்து நிக்கிறேன்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். என்ன எண் இது என்று கேட்டார். சொன்னேன். ஆந்திரா லாரி, அன்புமொழி, ஏழு பங்கு, பீடிக்கட்டு எல்லாம் சொன்னேன். சொல்லும்போதே எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தேன். உட்கார முடிகிற நிலையில் நான் இல்லை.

அவர் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொல்றது நெசம்னா அக்கா, இது ஒங்க கடன் இல்லை. ஏழு பேரு சமமா வாங்கி, சமமா கழிச்சா, மிஞ்சுறது ஏழால வகுபட்டே ஆகணும். ஆறு பேரு செட்டா இருந்தா ஆறால. பத்துப் பேருன்னா பத்தால. வேற செட்டுக் கணக்கைத் தூக்கி ஒங்க தலையில எழுதிட்டாங்கன்னும் சொல்ல முடியாது. இது எந்தச் செட்டாலயும் வகுபடாதே. கூட்டுச் சேந்து சமமா வாங்குன எந்தக் கடனும் பகா எண்ணா வந்து நிக்காது. பங்கு போடாத ஏதோ ஒண்ணு உள்ள புகுந்திருக்கு."

அன்றைக்கு வகுப்பில் அவர் என்ன நடத்தினார் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காட்டில் எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். உரித்த மரத்தின் மேல் எண்ணை எழுதிக் காட்டி, ஏழு ஏழாகப் பிரித்து, மீதி இரண்டைச் சுற்றி வட்டம் போட்டேன். சந்தோசப்படுவார்கள் என்று நினைத்தேன்.

சுகுணாதான் முதலில் பேசினாள். "இருங்க அக்கா. அப்ப யாரோ ஒருத்தவுக தனியா வாங்கிருக்காக. அப்புடித்தானே?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? கணக்கு ஒங்க பேருல. மாசா மாசம் கையெழுத்து ஒங்களது. எங்களுக்கு அந்த நோட்டுல நேரு எது, கோணல் எதுன்னு கூடத் தெரியாது."

"அடியே," என்றான் அய்யப்பன்.

"என்ன அடியே? சித்திரையில மகளுக்கு வளகாப்பு. ஏழு வகைச் சோறு, பந்தலு, ரேடியோசெட்டு. நாமளும் போயி மூக்கு முட்டத் தின்னுட்டுத்தான் வந்தோம். எங்கேருந்து வந்துச்சு காசு?"

காதைத் தொட்டுக் காட்டினேன். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தேன். "புதுக்கோட்டையில அடகுக் கடையில இருக்குடி. சீட்டு வீட்டுல இருக்கு. வா, காட்டுறேன்."

"சீட்டை எனக்கு வாசிக்கவா தெரியும்?" என்றாள் அவள்.

மற்ற நான்கு பேரும் கஞ்சித் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடம் ஒரே மரத்தின் இரண்டு முனையைத் தூக்கியவர்கள். ஒருத்தரும் "சும்மா இரு சுகுணா" என்று சொல்லவில்லை. எனக்கு அந்த எண்ணை ஏன் வகுத்தோம் என்று ஆகிவிட்டது. வகுக்காமல் இருந்திருந்தால் கடன்காரியாக மட்டும் ஆந்திரா போயிருப்பேன். இப்போது திருடியாகவும் போக வேண்டும்.

அரிவாளை மரத்தில் கொத்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. காட்டிலிருந்து ரோட்டுக்கு இரண்டு கல். ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

கொட்டகையில் முதலாளியும் கணக்கப்பிள்ளையும் இருந்தார்கள். விஸ்வநாதன் அய்யா எழுபதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நாற்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறார். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"மொதலாளி, கணக்கு நோட்டை நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"பாக்கி ஏழால வகுபடலைங்க. ரெண்டு ரூவா மிஞ்சுது."

முதலாளி என்னைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு ரூவாயா? அதுக்கா வேலைய விட்டுட்டு ஓடியாந்த? சரி, தள்ளிட்டேன் போ. விஸ்வநாதண்ணே, ரெண்டு ரூவாயக் கழிச்சு எழுதுங்க. இப்ப வகுபடுதா?"

வகுபடும். அதுதான் கொடுமை. அவர் கையை உதறின உதறலில் எண் சுத்தமாகிவிடும். ஏழு பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. யாரும் மறுபடி கேள்வி கேட்க முடியாது.

"தள்ளாதீங்க மொதலாளி," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்த ரெண்டு ரூவா வேணும் எனக்கு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

"நாப்பது வருசத்துல என் கணக்கு தப்புனதில்லை காத்தாயி," என்றார் விஸ்வநாதன் அய்யா. அவர் குரலில் கோபத்தை விட வருத்தம் அதிகம்.

"ஒங்களைச் சொல்லலைங்கய்யா. எங்க செட்டுல என்னையத்தான் சொல்றாக. நான் தனியாத் தின்னுட்டேன்னு சொல்றாக."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நோட்டை எடுத்து மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். முதலாளி, "படிச்ச பொம்பளையாம்ல," என்று சொல்லிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்.

தரையில் உட்கார்ந்தேன். மாதத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் இரண்டு பத்தி. இடது பக்கம் லாரி ஏற்றிய எடை, கிலோவில். வலது பக்கம் நாங்கள் வாங்கிய ரூபாய். கீழே, கூலியைக் கழித்து அந்த மாதம் வரைக்கும் நின்ற பாக்கி. அதற்குக் கீழே என் கையெழுத்து. ஜெபக்குமார் சார் சொன்னதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதப் பாக்கியையும் ஏழால் வகுத்துப் பார்ப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். கடைசியிலிருந்து பின்னால் போனேன்.

ஆனி, மீதி இரண்டு. அது தெரிந்ததுதான். வைகாசி, இரண்டு. சித்திரை, இரண்டு. வளைகாப்பு நடந்த மாதம். பங்குனிக்குப் போனேன். அங்கேயும் இரண்டு. அப்படியென்றால் வளைகாப்புக்கு முன்னாலேயே அது உள்ளே இருந்திருக்கிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். மாசி, ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தொன்பது. மீதி இரண்டு. தை, ஐம்பத்தோராயிரத்து நானூற்று இருபத்தொன்பது. வகுத்தேன். ஏழு தடவை ஏழாயிரத்து முன்னூற்று நாற்பத்தேழு.

மீதி இல்லை.

"அய்யா, மாசியில என்ன நடந்துச்சு?"

விஸ்வநாதன் அய்யா நாற்காலியை விட்டு இறங்கி என் பக்கத்தில் குந்தினார். ஒரே மாதத்தில் எழுபதாயிரம் ஏறியிருந்தது. வலது பத்தியில் அரிசி எட்டாயிரத்து ஐம்பது, வட்டி நானூற்று இருபது. இரண்டையும் வகுத்தேன், சரியாகப் போனது. அப்புறம் வெவ்வேறு தேதியில் நான்கு தொகை. பதினைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது. பதினான்காயிரத்து முன்னூற்று எண்பது. பதினாறாயிரத்து நானூற்றுப் பத்து. பதினைந்தாயிரத்து எண்ணூற்று முப்பது. ஒன்றும் ஏழில் போகவில்லை. இடது பத்தி அந்த மாதம் முழுக்க வெறுமையாக இருந்தது.

"மாசியில நாங்க வெட்டுனோமே அய்யா. நாலு லோடு ஏத்துனோம். ஒண்ணு கூட இங்கிட்டு இல்லையே."

அவர் எழுந்து போனார். சுவரில் தொங்கும் கம்பியில் எடைமேடைச் சீட்டுகள் மாதவாரியாகக் குத்தியிருந்தன. மாசிக் கம்பியைக் கொண்டுவந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினார். முதல் சீட்டை நோட்டின் மேல் வைத்தார். நிகர எடை 15640. இரண்டாவது சீட்டு, 14380. மூன்றாவது, 16410. நான்காவதை அவர் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்.

கிலோவை ரூபாய்ப் பத்தியில் எழுதியிருக்கிறார். நாங்கள் ஏற்றிய மரத்தின் எடை, நாங்கள் வாங்கிய கடனாக ஏறியிருக்கிறது. எடைப் பத்தி வெறுமையாகக் கிடந்ததால் அந்த நான்கு லோடுக்குக் கூலியும் கழியவில்லை.

"அது நான் கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்ட மாசம்," என்றார். "ஒத்தைக் கண்ணுல பச்சைத் துணியக் கட்டிக்கிட்டு ஒக்காந்து எழுதுனேன். லீவு போடச் சொன்னாரு மொதலாளி. நாந்தான் போடல."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்தின் கீழேயும் என் கையெழுத்து இருந்தது. நன்றாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு 'த்'தும் 'தா'வும் கோணாமல் வந்துவிட்டன என்று எனக்குப் பெருமை. நாலு எழுத்தைப் போடத் தெரிந்த நான் மேலே இருந்த நாலு எண்ணை வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கையெழுத்து என்றால் அழகாகப் போட வேண்டியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதலாளி பல் குத்திக்கொண்டே வந்தார். விஸ்வநாதன் அய்யா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி சீட்டுகளைப் புரட்டினார், நோட்டைப் பார்த்தார். முகம் இறுகியது.

"கையெழுத்துப் போட்டுருக்கால்ல?"

"போட்டிருக்கா."

"அப்ப என்ன? ஒத்துக்கிட்டுத்தானே போட்டா. ஆறு மாசம் கழிச்சு வந்து இல்லைன்னா? இன்னைக்கு இவ வருவா, நாளைக்கு இன்னொரு செட்டு வரும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. விஸ்வநாதன் அய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கையெழுத்து அவ போட்டா மொதலாளி. எண்ணைப் போட்டது நானு. அந்த நாலு லோடுக்கும் பேப்பர் மில்லுல இருந்து ஒங்களுக்குக் காசு வந்துருச்சு, அந்த வரவையும் நாந்தான் எழுதினேன். ஒரே மரத்துக்கு அங்கிட்டு வரவும் இங்கிட்டுப் பற்றும் எழுதிட்டு நான் வீட்டுல போயி எப்புடிச் சோறு திம்பேன்? இதைத் திருத்தலைன்னா வேற கணக்கப்புள்ளையப் பாத்துக்கங்க. எந்தச் செட்டு நோட்டுல எந்த மாசம் எப்புடி எழுதிருக்குன்னு வாரவருக்கு நான் சொல்லிட்டுப் போறேன்."

கடைசி வார்த்தையை அவர் மிரட்டலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முதலாளி சீட்டுகளை இன்னொரு முறை புரட்டினார். பிறகு சீட்டுகளை மேசையில் போட்டார்.

"திருத்தித் தொலைங்க. ஆனா மிச்சம் எவ்வளவு நின்னாலும் நாளைக்கு வச்சிரணும். ஒரு ரூவா கொறைஞ்சாலும் ஏழு பேரும் லாரி ஏறணும். காத்தாயி, கேட்டுச்சா?"

இருவரும் உட்கார்ந்து போட்டோம். அவர் ஒரு தாளில், நான் ஒரு தாளில். கடனாக ஏறிய எடை அறுபத்திரண்டாயிரத்து இருநூற்று அறுபது, அதைக் கழித்தோம். நான்கு லோடிலும் முழு டன் மட்டும் கூட்டினால் அறுபது. டன்னுக்கு அறுநூற்று முப்பது வீதம் முப்பத்தேழாயிரத்து எண்ணூறு, அதையும் கழித்தோம். நின்றது நான்காயிரத்து அறுநூற்று அறுபத்தொன்பது. அவர் தாளிலும் அதே, என் தாளிலும் அதே. ஏழால் வகுத்தேன். ஆளுக்கு அறுநூற்று அறுபத்தேழு. மீதி ஒன்றும் இல்லை.

காட்டுக்குத் திரும்பியபோது அவர்கள் மரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். அய்யப்பன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள். சுகுணா மரத்துப் பக்கம் போனாள். நான் கொத்தி வைத்துப்போன அரிவாளை உருவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"கோவமாக்கா?"

"கோவந்தாண்டி."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"தெரியலை. இன்னும் வகுத்துப் பாக்கலை."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் அவளுக்கு உதவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேரும் கொட்டகைக்குப் போனோம். மூன்று சோடியும் ஆளுக்கு அறுநூற்று அறுபத்தேழை மேசையில் வைத்தார்கள். அய்யப்பன் முழுக்கச் சில்லறையாகக் கொண்டுவந்திருந்தான், எண்ண வெகுநேரம் ஆனது. என்னிடம் நானூறு ரூபாய்தான் இருந்தது. ஜெபக்குமார் சாரிடம் கேட்கலாம் என்று அதற்கு முன்னே வெள்ளனவே அன்னவாசல் போய் வந்திருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார்.

"இருநூத்தி அறுவத்தேழு கொறையுது," என்றார் முதலாளி. வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. ஆந்திராவுக்குப் போகிற இன்னொரு செட்டு ஆட்கள் முதல் நாளே மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஒரு ரூவா கொறைஞ்சாலும்னு சொல்லிருக்கேன்."

சுகுணா ரவிக்கைக்குள் கையை விட்டாள். மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணி, இருநூற்று அறுபத்தேழை மேசையில் வைத்தாள். அறுபத்தேழைச் சரியாக வைக்க அய்யப்பனின் சட்டைப் பையையும் தடவினாள்.

"செட்டுல தனியாக் குடுக்கக் கூடாதுடி," என்றேன்.

"இது செட்டுக் காசு இல்லை. ஏங் காசு. நீங்க எனக்குத் தாங்க, தராமப் போங்க. அது நமக்குள்ள."

விஸ்வநாதன் அய்யா எல்லாவற்றையும் எண்ணினார். நான்காயிரத்து அறுநூற்று அறுபத்தொன்பது. முதலாளி முன்னால் வைத்து அவரும் ஒருமுறை எண்ணிக்கொண்ட பிறகு, அய்யா நோட்டில் ஆனிப் பக்கத்தைத் திருப்பினார். ஒரு லட்சத்து நான்காயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்று அச்சாக எழுதியிருந்ததன் மேல் அடிக்கோலை வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். கீழே 'பாக்கி இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, தன் கையெழுத்தைப் போட்டார்.